ஸ்ட்ராட்டோகாஸ்டரா, லெஸ் பாலா? – வாசகர் கேள்வி பதில்

மின் கிட்டார் வாங்குவது பற்றி வாசகர்கள் எழுதலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சுற்றி வளைத்து ஒரே கேள்வியில் வந்து நின்றன. ஆகவே இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ஐயா, நான்கு ஆண்டுகளாக அக்கூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறேன். வாரக் கடைசியில் எங்கள் பகுதி மெல்லிசைக் குழுவோடு திருமண வரவேற்பு, அம்மன் கோயில் திருவிழா என்று போய் வருகிறேன். வேலைக்குச் சேர்ந்து சேமித்த பணத்தில் முதல் மின் கிட்டாரை வாங்கப் போகிறேன். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையா, லெஸ் பால் வகையா என்பதில் நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். அப்பாவோ, "இரண்டும் மரக்கட்டையும் கம்பியும்தானே, விலை குறைந்ததை வாங்கு" என்கிறார். யார் சொல்வது சரி?
— வாசகர், கொளத்தூர்

பதில்: உங்கள் அப்பா சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது. வீணையின் குடத்தைப் போலவோ நீங்கள் இப்போது வாசிக்கும் கிட்டாரின் பெட்டியைப் போலவோ இந்த இரண்டு கருவிகளிலும் காற்றை அசைக்கும் வெற்றிடம் கிடையாது. கம்பியின் அதிர்வைக் காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பியும் (இந்த அமைப்பைத்தான் பிக்கப் என்பார்கள்) மின் அலையாக மாற்ற, ஆம்ப்ளிஃபயர்தான் அதை ஒலியாக்குகிறது. ஆனால் அந்தக் காந்தத்தையும் செப்புக் கம்பியையும் எப்படி அமைத்தார்கள் என்ற இடத்தில்தான் இந்த இரண்டும் இரண்டு குடும்பங்களாகப் பிரிகின்றன.

ஸ்ட்ராட்டோகாஸ்டரை 1954-இல் கொண்டுவந்த லியோ ஃபெண்டர், கலிபோர்னியாவில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. எதைச் செய்தாலும் நாளைக்கு அதைக் கழற்றிப் பழுது பார்க்க வேண்டியிருக்குமே என்று யோசிக்கிற மெக்கானிக்கின் புத்தி அந்தக் கருவி முழுவதும் தெரியும். கழுத்தைத் திருகாணிகளால் உடலோடு முடுக்கியிருக்கிறார். கெட்டுப்போனால் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்திக்கொள்ளலாம். மின்பாகங்கள் பெரும்பாலும் ஒரே பிளாஸ்டிக் தகட்டில் தொங்குகின்றன. தகட்டைத் தூக்கினால் எல்லாம் கைக்கு வந்துவிடும். லெஸ் பாலைச் செய்த கிப்சன் நிறுவனமோ, மாண்டலின்களின் மேற்பலகையை வயலினைப் போலச் செதுக்கிச் செய்த ஆர்வில் கிப்சன் என்பவரின் பெயரில் 1902-இல் தொடங்கியது. அங்கே இருந்தது ஆசாரியின் புத்தி. மஹோகனி உடலின் மேல் மேப்பிள் பலகையை ஒட்டி, வளைவாகச் செதுக்கி, கழுத்தைப் பசையால் நிரந்தரமாகப் பொருத்தினார்கள். லெஸ் பால் என்ற கிட்டார் கலைஞர் 1940 வாக்கிலேயே ஒரு கட்டைத் துண்டில் கம்பியும் பிக்கப்பும் பொருத்தி வைத்துக்கொண்டு கிப்சனை அணுகியபோது அவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஃபெண்டரின் கட்டைக் கிட்டார் 1950-இல் விற்பனைக்கு வந்த பிறகுதான் விழித்துக்கொண்டு, 1952-இல் அவர் பெயரையே சூட்டி ஒரு கிட்டாரை வெளியிட்டார்கள்.

இனி உங்கள் காதுக்கு உண்மையிலேயே தெரியப்போகிற வேறுபாட்டுக்கு வருகிறேன். ஸ்ட்ராட்டில் மூன்று சிங்கிள் காயில், அதாவது ஒற்றைச் சுருள், பிக்கப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கம்பியின் மிகக் குறுகிய ஒரு பகுதியை மட்டுமே கேட்பதால், மேல் ஸ்தாயியின் மினுமினுப்பு குறையாமல் வருகிறது. விரல் பட்ட சத்தம், பிக் (மீட்டும் சில்லு) உரசிய சத்தம் கூட வெளியே தெரியும். லெஸ் பாலில் 1957 முதல் இடம்பெற்றது ஹம்பக்கர். கிப்சனில் பணியாற்றிய சேத் லவர் என்ற பொறியாளர், இரண்டு சுருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காந்த முனைகளையும் சுற்றையும் எதிரெதிராக அமைத்தார். வெளியிலிருந்து வரும் மின்சார ரீங்காரம் இரண்டு சுருள்களிலும் எதிரெதிராகப் பதிந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, கம்பியின் நாதம் மட்டும் இரட்டிப்பாகக் கூடிவிடுகிறது. இரண்டு சுருள்கள் கம்பியை இரண்டு இடங்களில் கேட்பதால் மேல் ஸ்தாயியின் கூர்மை சற்று மழுங்கி, ஒலி தடித்து, ஆம்ப் சீக்கிரமே கரகரக்கத் தொடங்கும். ராக் இசைக்காரர்கள் விரும்புவது அந்தக் கரகரப்பைத்தான். (இதே சேத் லவர் 1967-இல் ஃபெண்டருக்கே வேலைக்குப் போனார் என்பது, கட்சி கட்டிச் சண்டை போடும் உங்கள் நண்பர்களுக்கு நான் சொல்ல விரும்பும் செய்தி.)

மரத்தைப் பற்றி நண்பர்கள் நிறையப் பேசுவார்கள். ஆல்டர் மரத்தில் செய்த ஸ்ட்ராட் மணி போல ஒலிக்கும், மஹோகனியில் செய்த லெஸ் பால் தேன் போல ஒழுகும் என்பதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. பிக்கப், கம்பி, ஆம்ப் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒலியை மாற்றும் அளவோடு ஒப்பிட்டால், பணம் எண்ணி வாங்கப் போகிறவர் தூக்கம் கெட வேண்டிய அளவுக்கு மரம் எதையும் மாற்றுவதில்லை என்பது என் முடிவு. மரம் முக்கியமாவது எடையில். நல்ல ஸ்ட்ராட் மூன்றரை கிலோவை ஒட்டி இருக்கும். லெஸ் பால் நான்கு கிலோவைத் தாண்டுவது சகஜம். கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து பத்து நிமிடம் வாசிக்கும்போது இது தெரியாது. முகூர்த்த நாளில் இரவு ஏழு மணிக்கு மேடையேறி, "இன்னும் ஒரே ஒரு பாட்டு" என்று பத்தரை வரை நின்றுகொண்டே வாசித்துப் பாருங்கள், இடது தோள் கணக்குச் சொல்லும்.

உங்கள் குழுவின் தேவையைப் பாருங்கள். ஒரே இரவில் எழுபதுகளின் மெலடிக்கு மென்மையாக நெருடி வாசிக்க வேண்டும், எண்பதுகளின் துள்ளல் பாட்டுக்கு வெட்டி வெட்டி ரிதம் கொடுக்க வேண்டும், கடைசியில் இன்றைய குத்துப் பாட்டுக்கு ஒரு கரகரப்பான இழுப்பும் வேண்டும். இவற்றில் முக்கால்வாசி, கரகரப்பு இல்லாத தெளிவான ஒலி. கீபோர்டு நடு ஸ்தாயி முழுவதையும் நிரப்பிவிட்ட பிறகு, தபேலாவுக்கும் டோலக்குக்கும் ஆக்டோபேடுக்கும் நடுவே ஒரு கிட்டார் காதில் விழ வேண்டுமென்றால் அதற்கு மெல்லிய, கூரிய குரல் வேண்டும். அது ஸ்ட்ராட்டின் குரல். நடு பிக்கப்பையும் பக்கத்துப் பிக்கப்பையும் சேர்த்து எடுக்கும்போது வரும் குழைவான, சற்றே உள்ளீடற்ற ஒலியை லெஸ் பாலிலிருந்து எவ்வளவு திருகினாலும் எடுக்க முடியாது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஒலி லியோ ஃபெண்டர் திட்டமிட்டதே அல்ல. அவர் வைத்தது மூன்று நிலைகள் கொண்ட சுவிட்ச். கலைஞர்கள் அதை இரண்டு நிலைகளுக்கு நடுவே சிக்க வைத்து அந்த ஒலியைக் கண்டுபிடித்தார்கள். நிறுவனம் ஐந்து நிலை சுவிட்சை வைத்துத் தர 1977 ஆயிற்று.

ஆகவே உங்களுக்கு என் பதில் ஸ்ட்ராட் வகை. அதிலும் பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) பக்கத்தில் மட்டும் ஒரு ஹம்பக்கர் வைத்த மாதிரி கிடைத்தால் அதையே எடுங்கள். அந்தக் கடைசிக் குத்துப் பாட்டுக்கு அது போதும். என் சொந்தக் கை லெஸ் பால் பக்கம்தான் சாயும் என்பதை மறைக்க விரும்பவில்லை. நான் வீட்டில் உட்கார்ந்து வாசிக்கிறவன், நீங்கள் மேடையில் நிற்கிறவர்.

விலையைப் பற்றி ஒரு சொல். அமெரிக்காவில் செய்த ஃபெண்டரும் கிப்சனும் முதல் கருவியாக வாங்க வேண்டியவை அல்ல. ஃபெண்டரின் ஸ்குவயர், கிப்சனின் எபிஃபோன் ஆகிய துணைப் பெயர்களில் அதே வடிவங்கள் சீனாவிலும் இந்தோனேசியாவிலும் தயாராகி இங்கே வருகின்றன. வேலைப்பாடு இன்று மிகவும் நன்றாக இருக்கிறது. ஒரே விலையில் இரண்டும் கிடைத்தால், பெரும்பாலும் ஸ்ட்ராட் பக்கம்தான் பணத்துக்கு அதிகச் சரக்கு இருக்கும். செதுக்கிய மேற்பலகையும் ஒட்டிய கழுத்தும் கூலி பிடிக்கிற வேலை. மலிவு லெஸ் பாலில் அந்தக் கூலியை வேறு எங்கோ குறைத்திருப்பார்கள். கையில் இருக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆம்ப், கேபிள், பை ஆகியவற்றுக்கு முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். நல்ல கிட்டாரை மட்டமான ஆம்பில் கேட்பதைவிட, சுமாரான கிட்டாரை நல்ல ஆம்பில் கேட்பது எவ்வளவோ மேல்.

கேள்வி: சென்ற ஆண்டு ஸ்ட்ராட் வகைக் கிட்டார் வாங்கினேன். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆம்பைப் போட்டதும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். வாசிக்காமல் இருக்கும்போது தாங்க முடியவில்லை. கம்பியைத் தொட்டால் குறைகிறது. லெஸ் பால் வாங்கியிருக்க வேண்டுமோ?
— வாசகி, திருவான்மியூர்

பதில்: அந்த ஒரு காரணத்துக்காக லெஸ் பால் வாங்கியிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சிங்கிள் காயில் பிக்கப் என்பது, ஒரு வகையில், அந்த 50 ஹெர்ட்ஸையும் அதன் மடங்குகளையும் பிடித்துத் தரும் ஆன்டெனா. ஆனாலும் கிட்டாரை விற்பதற்கு முன்னால் வீட்டை ஒருமுறை பாருங்கள். மின்னணு ஃபேன் ரெகுலேட்டர், சோக் வைத்த பழைய ட்யூப் லைட், மடிக்கணினி சார்ஜர், மின்வெட்டின்போது ஓடும் இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். உட்கார்ந்த இடத்திலேயே கிட்டாரோடு மெல்லத் திரும்பிப் பாருங்கள். ஏதாவது ஒரு திசையில் இரைச்சல் ஏறக்குறைய மறைந்துவிடும். என் மாணவர் ஒருவர் அந்தத் திசையில் ஒரு நாற்காலியைப் போட்டு வைத்துவிட்டார். அந்த வீட்டில் அது கிட்டார் நாற்காலி, வேறு யாரும் நகர்த்தக் கூடாது.

கம்பியைத் தொட்டால் குறைவது பழுதல்ல. கம்பிகள் பிரிட்ஜ் வழியாகக் கிட்டாரின் எர்த்தோடு இணைந்திருக்கின்றன. தொட்டவுடன் உங்கள் உடலும் அந்த எர்த்தோடு சேர்ந்து, பிக்கப்புக்கு ஒரு தடுப்பாகிவிடுகிறது. தொட்டால் இரைச்சல் கூடுகிறது, அல்லது விரலில் சுரீர் என்கிறது என்றால் அது வேறு விஷயம். உடனே ஆம்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலக்ட்ரீஷியனை அழைத்து வீட்டின் எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். இரைச்சல் குறைகிறது என்பதற்காக மூன்று முனை பிளக்கின் எர்த் முனையைத் துண்டித்துவிட்டு வாசிப்பவர்களை நான் மேடைகளிலேயே பார்த்திருக்கிறேன். கையில் எர்த் இல்லாத ஆம்போடு இணைந்த கிட்டார், உதட்டுக்கு அருகே வேறு இணைப்பிலிருந்து வரும் மைக் என்று இருக்கும்போது நடுவில் நிற்பது 230 வோல்ட்டுக்கான பாதை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பிக்கப் குழியின் உட்புறம் முழுவதும் செப்புத் தாள் ஒட்டி எர்த்தோடு இணைத்தால் 'கிர்ர்' என்ற கூர்மையான இரைச்சல் நன்றாகக் குறையும். அடித்தளத்தில் உள்ள 'ம்ம்ம்' போகாது, ஏனென்றால் அது காந்தப் புலமாக வருவது, செப்புத் தாள் அதைத் தடுக்காது. அதற்கு இரண்டு வழிகள். இன்றைய ஸ்ட்ராட்டுகள் பலவற்றில் நடு பிக்கப்பை எதிர்ச்சுற்றில் அமைத்திருப்பதால், சுவிட்சின் இரண்டாம் நிலையும் நான்காம் நிலையும் ஹம்பக்கர் போலவே ரீங்காரத்தை அழித்துவிடும். முதலில் உங்கள் கிட்டாரில் அப்படி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அதுவும் போதாதென்றால், பார்க்கச் சிங்கிள் காயில் போலவே இருந்து உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சுருள் வைத்த பிக்கப்புகள் கிடைக்கின்றன. கொளத்தூர் வாசகரும் இதைக் குறித்துக்கொள்ளலாம்: ஜெனரேட்டர் ஓடும், சீரியல் விளக்கு மின்னும் திருவிழா மேடையில் நீங்கள் அதிகம் நிற்க வேண்டியது அந்த இரண்டாம், நான்காம் நிலைகளில்தான்.

கேள்வி: எட்டு ஆண்டுகளாகக் கர்நாடக இசை வாய்ப்பாட்டு கற்கிறேன். மின் கிட்டாரில் ராகங்களை வாசிக்க ஆசை. கமகத்துக்கு, அதாவது ஸ்வரத்தை அசைத்துக் குழைத்து வாசிப்பதற்கு, இந்த இரண்டில் எது ஒத்துவரும்? கடையில் இரண்டையும் இழுத்துப் பார்த்தேன், லெஸ் பால்தான் கடினமாக இருந்தது.
— வாசகர், மயிலாப்பூர்

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுத உட்கார்ந்தேன் என்று கூடச் சொல்வேன். கடையில் உங்கள் விரல் சொன்னது உண்மை, ஆனால் அது கிட்டாரைப் பற்றிய உண்மையன்று. ஸ்ட்ராட்டில் நட் (கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் கம்பிகள் படியும் சிறு பட்டை) முதல் பிரிட்ஜ் வரை அதிரும் கம்பியின் நீளம் 25.5 அங்குலம், லெஸ் பாலில் 24.75 அங்குலம். ஒரே தடிமன் கொண்ட கம்பியை ஒரே சுருதிக்கு ஏற்றினால், இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே லெஸ் பாலில் கம்பி ஏறக்குறைய 6 விழுக்காடு தளர்வாக இருக்க வேண்டும். பிறகு ஏன் கடினமாக இருந்தது? ஃபெண்டர் வகைக் கிட்டார்கள் பெரும்பாலும் முதல் கம்பி 0.009 அங்குலம் கொண்ட செட்டோடும், கிப்சன் வகை 0.010 அங்குலம் கொண்ட செட்டோடும் கடைக்கு வருகின்றன. இழுவிசை தடிமனின் வர்க்கத்தையும் பொறுத்தது என்பதால், கணக்குப் போட்டால் அந்த முதல் கம்பி லெஸ் பாலில் 16 விழுக்காடு இறுக்கமாக இருந்திருக்கும். நீங்கள் ஒப்பிட்டது இரண்டு கம்பிகளை. கடைக்காரரிடம் சொல்லி இரண்டிலும் ஒரே செட்டைப் போடச் செய்து மறுபடி இழுத்துப் பாருங்கள்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. ஸ்ட்ராட்டின் பிரிட்ஜ், பின்புறத்து ஸ்பிரிங்குகளின் இழுப்பும் கம்பிகளின் இழுப்பும் சமமாகும் இடத்தில் மிதந்துகொண்டு நிற்கும். பிரிட்ஜில் மாட்டிய கோலைக் கையால் அழுத்தினால் சுருதி தாழ்ந்து மீளும். நீங்கள் ஒரு கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் கொடுக்கும்போது, அந்தக் கூடுதல் இழுப்பில் பிரிட்ஜ் சற்றே முன்னால் சாய்ந்து மற்றக் கம்பிகளின் சுருதியை இறக்கிவிடும். மேற்கத்திய இசையில் ஒரு நேரத்தில் ஒரு கம்பியில் தனி வாசிப்பவருக்கு இது பெரிய தொல்லை அல்ல. காம்போதி ராகத்தில் ஒரு பிடியை இழுத்துக்கொண்டே பக்கத்துக் கம்பியில் சட்ஜமத்தையோ பஞ்சமத்தையோ சுருதிக்காக மீட்டுகிற உங்களுக்கு இது பேராபத்து. உங்கள் கமகம் ஏற ஏற, ஆதார சுருதி காலுக்கடியில் நழுவும். லெஸ் பாலின் பிரிட்ஜ் உடலோடு நிலையாக நிற்பதால் இந்தச் சங்கடம் இல்லை.

மூன்றாவது, விரற்பலகையின் வளைவு. பழைய ஸ்ட்ராட்டுகளின் பலகை 7.25 அங்குல ஆரத்தில் நன்றாக உருண்டிருக்கும், புதியவை பெரும்பாலும் 9.5 அங்குலம், லெஸ் பால் 12 அங்குலம், அதாவது இன்னும் தட்டை. உருண்ட பலகையில் கம்பியை நெடுந்தூரம் இழுத்தால் அது பலகையின் மேட்டில் உள்ள வேறொரு ஃப்ரெட்டில் (பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கம்பியில்) மோதி நாதம் செத்துவிடும். மேலும் நாதம் நீடித்து நின்றால்தான் ஒரே மீட்டில் இரண்டு மூன்று ஸ்வரங்களைத் தொட்டு வர முடியும். அதற்கும் ஹம்பக்கரின் தடித்த ஒலி கைகொடுக்கும்.

ஆகவே கொளத்தூர் வாசகருக்குச் சொன்னதற்கு நேர்மாறாக, உங்களுக்கு லெஸ் பால் வகையும் 0.009 கம்பிகளும். பாடிப் பழகிய காது இருக்கிறது. விரல் பின்னால் வந்துவிடும். இது நடக்காத காரியம் என்று யாராவது சொன்னால், மின் மாண்டலினை ஐந்து ஒற்றைக் கம்பிகளாக மாற்றிக்கொண்டு அதில் ராக ஆலாபனை செய்த யு. ஸ்ரீநிவாஸையும், கிட்டாரிலேயே கர்நாடக இசைக் கச்சேரி செய்துவரும் பிரசன்னாவையும் கேட்கச் சொல்லுங்கள். ஸ்ட்ராட்டின் உருவம்தான் பிடித்திருக்கிறது என்றால், பிரிட்ஜ் மிதக்காத மாதிரியைத் தேடுங்கள். அல்லது பின்மூடியைத் திறந்து ஸ்பிரிங்குகளை இறுக்கி, தேவையானால் கூடுதலாக ஒன்றிரண்டு மாட்டி, பிரிட்ஜ் உடலில் படிந்து நிற்கும்படி செய்துவிடுங்கள்.

அப்படிச் செய்யக் கற்றுக்கொண்டது நான் பட்ட அவமானத்தில். பல ஆண்டுகளுக்கு முன் வடபழனியில் ஒரு மண்டபத்தில், மிதக்கும் பிரிட்ஜ் வைத்த இரவல் ஸ்ட்ராட்டில் வாசித்துக்கொண்டிருந்தேன். பல்லவி முடிந்து இடையிசை தொடங்கும்போது ஒரு கம்பி அறுந்தது. ஒரு கம்பிதானே என்று மற்ற ஐந்தில் தொடர்ந்தால், அந்த ஒன்றின் இழுப்பு போனதும் ஸ்பிரிங் பிரிட்ஜைப் பின்னால் இழுத்துவிட, ஐந்தும் சுருதி ஏறி ஊளையிட்டன. கீபோர்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் கவனிக்கவில்லை. சாப்பாட்டுப் பந்தி தொடங்கியிருந்தது.

கேள்வி: இரண்டின் ஒலியும் ஒரே கிட்டாரில் வராதா?
— வாசகர், வேளச்சேரி

பதில்: கிட்டத்தட்ட வரும். ஹம்பக்கரின் ஒரு சுருளை மட்டும் துண்டித்துவிடும் சுவிட்ச் வைத்த லெஸ் பால்கள் இருக்கின்றன. ஒலி மெலியும், ஆனால் ஸ்ட்ராட் ஆகிவிடாது, ஏனென்றால் கம்பி நீளமும் பிக்கப் இருக்கும் இடமும் மாறவில்லை. 1985-இல் தொடங்கிய பால் ரீட் ஸ்மித் நிறுவனம் 25 அங்குல நீளத்தில், இரண்டுக்கும் நடுவே நிற்கும் கிட்டார்களால் பெயர் பெற்றது. மேலே சொன்ன ஒரு ஹம்பக்கர் வைத்த ஸ்ட்ராட்தான் மலிவான சமரசம். நீங்களே பிக்கப் மாற்றுவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோலும் ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓமும் போடுவது வழக்கம். பழைய 250-ஐ அப்படியே விட்டுவிட்டு, "புது ஹம்பக்கர் மந்தமாக இருக்கிறது" என்று திரும்ப வருகிறவர்கள் உண்டு. ரிச்சி தெருவில் தேடினால் சில நூறு ரூபாய்க்குள் முடிகிற காரியம்.

கேள்வி: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது, இடது கைப் பழக்கம். லெஸ் பால் படத்தை அறையில் ஒட்டி வைத்துக்கொண்டு அதுதான் வேண்டும் என்கிறான்.
— ஒரு தாய், அம்பத்தூர்

பதில்: அந்த எடை இப்போது வேண்டாம், அம்மா. 24 அங்குல நீளமுள்ள மஸ்டாங் போன்ற சிறிய கிட்டார்கள் இருக்கின்றன. மாணவர்களுக்கென்றே 1964-இல் ஃபெண்டர் வெளியிட்ட வடிவம் அது. இன்னும் சிறியதாக 22.75 அங்குலத்தில் ஸ்குவயரின் மினி ஸ்ட்ராட்டும் உண்டு. இடது கையைப் பற்றி: இன்னும் கற்கத் தொடங்கவில்லை என்றால், வலது கைக் கிட்டாரிலேயே ஒரு மாதம் பழகிப் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் இடது கை மாதிரிகள் இங்கே கடைகளில் அரிது, கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இருக்காது. அவனுக்கு அது ஒவ்வவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வலது கை ஸ்ட்ராட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கம்பிகளை மாற்றிப் போட்டுக்கொண்டு வாசித்தார். உடலின் இரு பக்கமும் கொம்பு இருப்பதால் அது ஸ்ட்ராட்டில் சாத்தியம். ஒரு பக்கம் மட்டும் வெட்டிய லெஸ் பாலைத் திருப்பினால் மேல் ஃப்ரெட்டுகளுக்குக் கையே போகாது. அவன் படத்தை ஒட்டியிருப்பது ஜிம்மி பேஜ் வாசிப்பதைப் பார்த்து என்றால், அவர் தம் லெட் செப்பலின் குழுவின் முதல் இசைத்தட்டில் பெரும்பாலும் வாசித்தது ஃபெண்டரின் டெலிகாஸ்டரை என்ற செய்தியையும் சொல்லி வையுங்கள்.

கேள்வி: கடற்கரைக்கு அருகே இருக்கிறோம். எந்தக் கிட்டார் துருப்பிடிக்காது?
— வாசகர், பெசன்ட் நகர்

பதில்: இரண்டும் பிடிக்கும். ஸ்ட்ராட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் ஆபத்து. ஸ்பிரிங்குகள், திருகாணிகள், கம்பியின் உயரத்தைச் சரிசெய்யும் பொடி ஆணிகள் என்று அதில் சின்னச் சின்ன இரும்பு நிறைய. உப்புக் காற்றில் அந்தப் பொடி ஆணிகள் இறுகிப்போனால் பிறகு அசையாது. ஆண்டுக்கு இருமுறை ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விடுங்கள், தேங்காய் எண்ணெய் வேண்டாம். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பிகளின் அடிப்புறத்தையும் துடையுங்கள், மேல் பூச்சுள்ள கம்பிகளை வாங்குங்கள், சுவரில் மாட்டி வைக்காமல் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் வையுங்கள். விரற்பலகை ஈட்டி மரமாக இருந்தால் பயப்பட வேண்டாம்; நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மரம் அது, நம் ஈரப்பதத்தை நம்மைவிட நன்றாகத் தாங்கும்.

கேள்வி: விளம்பரம் பார்த்து ஒருவரிடம் பழைய லெஸ் பால் பார்த்தேன், தலையில் கிப்சன் என்றே எழுதியிருக்கிறது. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. வாங்கலாமா?
— வாசகர், தாம்பரம்

பதில்: நம்ப முடியவில்லை என்றால் நம்பாதீர்கள். கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் மணி வடிவத்தில் ஒரு சிறு மூடி இருக்கும். அசல் கிப்சனில் அதை இரண்டு திருகாணிகள் பிடித்திருக்கும், போலிகள் பலவற்றில் மூன்று. இரண்டு இருப்பதாலேயே அசல் என்று பொருளல்ல. மூன்று இருந்தால் பேச்சைத் தொடர வேண்டாம்.

அசலாகவே இருந்தாலும், கைப்பேசியின் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, நட்டுக்குப் பின்புறம் உள்ள கழுத்தைப் பாருங்கள். லெஸ் பாலின் தலை 17 பாகை அளவுக்குப் பின்னால் சாய்ந்திருக்கும். மஹோகனியின் ரேகை அந்த இடத்தில் குறுக்கே ஓடுவதால், ஸ்டாண்டிலிருந்து ஒருமுறை விழுந்தாலே ஒடியும். மயிரிழை போன்ற கோடோ, அந்த இடத்தில் மட்டும் வார்னிஷ் நிறம் மாறியோ தெரிந்தால் ஒடிந்து ஒட்டியது. நன்றாக ஒட்டியிருந்தால் வாசிக்கக் குறையில்லை, ஆனால் விலையில் பெரிதாகக் கழிக்க வேண்டும். ஸ்ட்ராட்டின் தலை நேராக இருப்பதால் அவ்வளவு எளிதில் ஒடியாது. ஒடிந்தாலும் திருகாணிகளைக் கழற்றி வேறு கழுத்து மாட்டலாம். விற்பவர் அவசரப்படுத்தினால், அண்ணா சாலையில் இருக்கும், 1842-இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் போன்ற கடைகளில் புதிய எபிஃபோன் என்ன விலை என்று கேட்டு ஒப்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: கிட்டாரின் நிறம் ஒலியை மாற்றுமா?
— வாசகி, அண்ணா நகர்

பதில்: மாற்றாது. ஆனால் பிடித்த நிறமாக இருந்தால் தினமும் பெட்டியைத் திறப்பீர்கள். அதனால் பிடித்த நிறத்தையே வாங்குங்கள்.